காதுகுத்துக்கு வைத்த தக்காளி

அரங்கு வீட்டுக்குள் ஈரக்காலோடு நுழைந்த புருஷனை இசக்கிச்செல்வி விளக்குமாற்றை ஓங்கி விரட்டிவிட்டாள் என்ற செய்தி, அன்று சாயங்காலத்துக்குள் சீவலப்பேரி முழுக்கச் சுற்றி வந்துவிட்டது. பெருமாள்ராஜ் லேசுப்பட்ட ஆள் இல்லை. வாய்க்கால் தகராறில் ஒருத்தன் மண்டையை மண்வெட்டிக் கைப்பிடியால் பிளந்துவிட்டு, வீட்டுக்கு வந்து கை கழுவிச் சோறு தின்றவன். அவனையே ஒருத்தி தக்காளிக்காக விரட்டுகிறாள் என்றால் ஊர் சும்மா இருக்குமா? "என்னவே பெருமாளு, உள்ள இருக்கது தக்காளியா தங்கமா?" என்று டீக்கடையில் வம்புக்கு இழுத்தார்கள். அவனும் கூடச் சேர்ந்து சிரித்தான்.

தக்காளி, மகள் கலையரசியின் காதுகுத்துக்கு. பிள்ளைக்கு மொட்டையை முதல் வருஷமே திருச்செந்தூரில் கொடுத்தாயிற்று. காது மட்டும் பாக்கி கிடந்தது. சுடலைமாடன் கோயிலில் வைத்துக் காது குத்தி, கிடா வெட்டி, ஊருக்கே சோறு போடுவது என்று முடிவாகியிருந்தது. முகூர்த்த மாசத்தில் தக்காளியைக் கையால் தொட முடியாது, கண்ணால்தான் பார்க்கலாம். அதனால் பாவூர்சத்திரம் சந்தையில் மலிந்து கிடந்தபோதே பெட்டி பெட்டியாக வாங்கிவரச் சொன்னாள் இசக்கிச்செல்வி. "அழுவிப் போவும் ஏட்டி" என்றான் அவன். "அழுவாம வைக்கது எம்பாடு" என்றாள் இவள்.

சொன்னபடியே வைத்திருந்தாள். அரங்கு வீடு என்பது அந்த வீட்டின் ஜன்னலில்லாத உள்ளறை. பகலிலும் இருட்டாக, சித்திரை வெயிலிலும் குளுமையாக இருக்கும். அங்கே சுவரோரம் முழங்கால் உயரத்துக்கு வைக்கோலை மெத்தையாகப் பரப்பினாள். தக்காளியில் ஒரு சொட்டுத் தண்ணீர் படவிடவில்லை. உலர்ந்த துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்தாள். பச்சைக் காய் ஒரு பக்கம், செங்காய் ஒரு பக்கம், பழுத்தது வாசல் பக்கம். ஒன்றோடொன்று உரசாமல், ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல், காம்பு இருந்த குழி கீழே பார்க்க வைத்தாள். அந்தக் குழி வழியாகத்தான் தக்காளியின் உயிர் போகும். அதை அடைத்தாற்போல் கவிழ்த்து வைத்தால் நாள் தாங்கும். குளிர்பெட்டியில் காயை வைத்தால் ருசி செத்துப்போகும் என்று அந்தப் பக்கமே கொண்டுபோகவில்லை. உத்தரத்தில் தொங்கிய வாழைத்தாரைக்கூட இறக்கி மாட்டுத் தொழுவில் கொண்டு கட்டிவிட்டாள். வாழைப்பழம் பக்கத்தில் இருந்தால் தக்காளி கண்ணை மூடித் திறப்பதற்குள் பழுத்துத் தொலையும்.

ஆம்பிளைகளுக்கு, ஒரு பொருளை வைப்பது என்றால் வைத்துவிட்டுக் கதவைச் சாத்துவது. பொம்பிளைகளுக்குத்தான் தெரியும், வைப்பது என்றால் தினம் போய்ப் பார்ப்பது என்று. காலையும் மாலையும் குனிந்து உட்கார்ந்து ஒவ்வொரு தக்காளியையும் அவள் விரலால் தொட்டுப் பார்ப்பாள். இளகினதை எடுத்து அன்றைக்கே குழம்புக்குப் போடுவாள். வெடித்துச் சாறு இறங்கியிருந்தால் அந்த இடத்து வைக்கோலை அடியோடு மாற்றுவாள். இத்தனை பாடும் எதற்கு? தம்பி வருகிறான் என்பதற்குத்தான்.

தம்பி கண்ணனுக்கும் அந்த வீட்டுக்கும் நடுவில் ஒரு கை கிடந்தது. போன வருஷம் சுடலைமாடன் கொடைத் திருவிழாவில், பட்டப்பகலில், கோயில் வாசலில் வைத்து நடந்தது. பெருமாள்ராஜின் தம்பி நடராஜ் குடித்துவிட்டு, செத்துப்போன அவள் அப்பாவைப் பற்றி நாக்கூசும் ஒரு வார்த்தை சொன்னான். அடுத்த மூச்சில் கண்ணன் கிடா வெட்டுகிறவனின் அரிவாளைப் பிடுங்கி ஒரே வீச்சாக வீசினான். நடராஜ் கழுத்துக்கு இடது கையைக் குறுக்கே கொடுத்தான். கை மணிக்கட்டோடு போய் மிட்டாய்க் கடை முன்னால் விழுந்தது. ஊரே சிதறி ஓட, அந்தக் கையைக் குனிந்து எடுத்தவள் இசக்கிச்செல்வி. ஐஸ்காரனின் பெட்டியைப் பறித்து, அதற்குள் துண்டில் சுற்றி வைத்து, கொழுந்தனோடு திருநெல்வேலிக்கு ஆட்டோவில் பறந்தாள். அப்படியும் கை ஒட்டவில்லை. தம்பி மேல் அவளுக்கு அன்றைக்கு வந்த வெறுப்பு கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் கூடப்பிறந்தவன் ஆயிற்றே. வெறுப்பு வடிந்ததும் பயம்தான் மிஞ்சியது. என்றைக்கு இவர்கள் அவனைச் சாய்ப்பார்களோ என்று நெஞ்சில் கல்லைக் கட்டிக்கொண்டே ஒரு வருஷத்தை ஓட்டினாள்.

அப்படியிருக்கையில் பெருமாள்ராஜே ஒருநாள் சொன்னான். "பிள்ள காது தாய்மாமன் மடியிலதான் குத்தணும். அவன் வரட்டும். பழசையெல்லாம் ஆத்துல விட்டாச்சு." அவளுக்குக் காதை நம்ப முடியவில்லை. புருஷன் காலில் விழாத குறை. நடராஜ் அதற்கும் ஒருபடி மேலே போய், தானே திருநெல்வேலி ஜங்ஷனுக்குப் போய் ஃபிளக்ஸ் அடித்துக்கொண்டு வந்தான். நடுவில் பிள்ளை படம், பக்கத்தில் ஆளுயரத்துக்குக் கண்ணன் படம், கீழே 'தாய்மாமன்' என்று கொட்டை எழுத்து. ஆடு நனைகிறது என்று ஓநாய் அழுத கதை அவளுக்கும் தெரியும். சந்தோஷத்தில் இருப்பவளுக்கு எந்தக் கதை ஞாபகம் வரும்?

வெள்ளிக்கிழமை காலையில் அரங்கு வீட்டுக்குள் போனவள், செங்காய்ப் பக்கத்தில் சில தக்காளிகள் குழி மேலே பார்த்து இருப்பதைக் கண்டாள். அவள் கை அப்படி வைக்காது. தொட்டுப் பார்த்தால் கட்டைவிரல் அமுங்கின பள்ளம் வேறு. எவளோ திருடியிருக்கிறாள் என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வாயைத் திறக்கப் போனவள், அடியில் சாறு கசிந்திருப்பதைப் பார்த்து வைக்கோலைக் கிளறினாள். உள்ளே ஒரு தக்காளி இரண்டாகப் பிளந்து கிடந்தது. கடித்ததில்லை, நசுங்கினதில்லை, வழவழவென்று ஒரே சீவல்.

இன்னும் கையை விட்டாள். சாக்குத் தட்டுப்பட்டது. சாக்கின் ஓட்டை வழியாக ஒரு முனை வெளியே துருத்திக்கொண்டிருந்தது. பிரித்துப் பார்த்தாள். அரிவாள்கள். புதுசாகத் தட்டித் தீட்டி, துரு ஏறாமலிருக்கத் தேங்காய் எண்ணெய் தடவி, பிள்ளைகளைப் படுக்கப்போட்டமாதிரி வரிசையாகக் கிடந்தன. யாரும் நுழையக்கூடாது என்று அவள் போட்ட சட்டம்தான் அவர்களுக்கு வசதியாகப் போயிற்று. போலீஸ் வந்தால் வெளியே வைக்கோல் படப்பைக் குத்திப் பார்க்கும், கிணற்றில் ஆள் இறக்கும். தக்காளிக்கு அடியில் யார் பார்ப்பார்கள்?

காதுகுத்தாவது, சமாதானமாவது. மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருக்கும் ஒருத்தனைப் பின்னாலிருந்து வெட்டுவதற்குத்தான் இத்தனை ஃபிளக்ஸும் பந்தலும்.

"மைனி."

வாசலில் நடராஜ் நின்றான். மொட்டைக் கையைக் கதவு நிலையில் முட்டுக்கொடுத்திருந்தான். அவள் முதுகால் மறைத்துக்கொண்டு வைக்கோலை மூடினாள்.

"தக்காளியெல்லாம் சொகமா இருக்கா?"

"இருக்கு."

"பைய பாத்துக்கிடுங்க. ஞாயித்துக்கெழமைக்கு வேணும்லா."

அவன் தலை மறைந்ததும் தக்காளியைப் பழையபடி அடுக்கிவிட்டு எழுந்தாள்.

மாட்டுத் தொழுவுக்குள் போய் நின்றுகொண்டு தம்பிக்குப் போன் போட்டாள். பாளையங்கோட்டை மார்க்கெட்டில் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன், இரைச்சலுக்கு நடுவில் எடுத்தான்.

"ஏலே கண்ணா, ஞாயித்துக்கெழம நீ வராதலே. ஒன்னய வெட்டப் போறாவ. வைக்கோலுக்குள்ள அரிவாள என் கண்ணால பாத்துட்டேன்."

பதறுவான் என்று நினைத்தாள். அவன் சிரித்தான்.

"எனக்குத் தெரியாதாக்கா? கையப் பறிகுடுத்தவன் எனக்கு ஃபிளக்ஸ் அடிக்கான். நான் என்ன மடையனா? அவனுவ வைக்கோலுக்குள்ள வச்சிருந்தா, நான் சீர்த்தட்டுல தேங்காய்க்கு அடியில வச்சுக் கொண்டாரேன். தட்டு தூக்கிட்டு வாரவன் பூராவும் நம்ம பயலுவதான்."

"பாவி, அப்பம் எதுக்குலே வார?"

"வராட்டா பயந்துட்டாம்பானுவ. மருமவ காதுகுத்துக்குப் போவாத தாய்மாமன எவன் மதிப்பான்? மொதல்ல அத்தான முடிக்கணும். அத்தான் விழுந்தா மிச்சவன் ஓடிருவான்."

"அது எம் புருசம்லே!"

"ஒனக்குப் புருசன். எனக்கு என்ன?"

"பிள்ள உம் மடியில இருக்குமேலே. ஒருத்தன் வீசுனா ரெண்டு பேரு மேல விழுமே."

அவன் சாதாரணமாகச் சொன்னான். "பிள்ளைய ஒருத்தன் தூக்கிட்டு ஓடிருவான்க்கா. அதெல்லாம் பேசி வச்சாச்சு."

அதைக் கேட்டதும்தான் அவளுக்கு உடம்பெல்லாம் தீப்பற்றினாற்போல் ஆத்திரம் வந்தது. பேசி வைத்தாயிற்றாம். இந்தப் பக்கத்திலும் யாராவது பேசித்தான் வைத்திருப்பார்கள். பெற்றவளை ஒரு வார்த்தை கேட்காமல், அவள் பிள்ளையை எந்த நொடியில் எவன் கை மாற்றுவது என்று இரண்டு கூட்டமும் கணக்குப் போட்டிருக்கிறது. தம்பியைத் தடுத்தால் தம்பி பிழைப்பான் என்றுதான் காலையில் நினைத்தாள். இப்போது புருஷனும் சேர்ந்து சாகப்போகிறான். நடுவில் பிள்ளை.

யாரிடம் போய்ச் சொல்வது? புருஷனிடம் சொன்னால், சீர்த்தட்டு ஊருக்குள் வருமுன்பே ஆற்றுப்பாலத்தில் மறித்து வெட்டுவான். போலீஸுக்குச் சொன்னால் இருபக்கமும் உள்ளே போய், ஜாமீனில் வெளியே வந்து, கோர்ட்டுக்குப் போகிற வழியில் வெட்டிக்கொள்வார்கள். ஊர்ப் பெரியவர்கள் ஏற்கெனவே ஒரு சமாதானம் பேசிக் கிழித்தவர்கள்தான். அன்றைக்கு அவள் சோறு தின்னவில்லை. தக்காளியைப் பார்க்க மட்டும் இரண்டு வேளையும் போனாள். போகாவிட்டால் சந்தேகம் வரும். இருக்கிற கோபத்தில் அத்தனையையும் மிதித்துக் கூழாக்க வேண்டும் போலிருந்தது அவளுக்கு. ஆனாலும் குழியைக் கீழே பார்க்கத் திருப்பித்தான் வைத்தாள்.

சனிக்கிழமை விடிந்தது. பெருமாள்ராஜ் பந்தல்காரனோடு கோயிலுக்குப் போய்விட்டான். வாசல் வேம்பில் கட்டியிருந்த கிடாக்கள் கத்திக்கொண்டிருந்தன. தெருக்குழாயில் தண்ணீர் வந்து, பொம்பிளைகள் குடத்தோடு கூடியிருந்தார்கள். இதுதான் நேரம் என்று இசக்கிச்செல்வி எழுந்தாள். தைக்கிற ஊசியை அடுப்பில் காட்டிச் சுட்டாள். மஞ்சள் எண்ணெய் ஒரு கிண்ணத்தில். வேப்பங்குச்சியை மெல்லிசாகச் சீவி இரண்டு துண்டு. பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, கதவுக்குள் அல்ல, நடுத்தெருவில் குழாயடிக்குப் போய் எல்லோரும் பார்க்க உட்கார்ந்தாள்.

தாய்மாமன் இல்லாத பிள்ளைக்குத்தான் பெற்றவள் தன் மடியில் போட்டுக் காது குத்துவாள் என்பது அவர்கள் பக்கத்து வழக்கம். மாமன் செத்திருக்க வேண்டும். இல்லையென்றால் அவனைத் தலைமுழுகியிருக்க வேண்டும். உயிரோடு ஒருத்தன் இருக்கையில் இதைச் செய்தால், அது அவனைப் பாடையில் ஏற்றுவதற்குச் சமம்.

"ஏ இசக்கி, என்னட்டி செய்யுத?" என்று குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள் பக்கத்து வீட்டு அன்னத்தாய்.

இசக்கிச்செல்வி பிள்ளையின் கால்களைத் தன் தொடைக்கு நடுவில் இறுக்கினாள். தலையை மார்போடு சேர்த்து இடது கையால் அமுக்கினாள். முதல் காதில் ஊசி இறங்கியபோது பிள்ளைக்கு என்ன நடக்கிறது என்றே தெரியவில்லை. கண் விரிந்து, மூச்சு நின்று, அதற்கப்புறம்தான் அலறியது. இரண்டாவது காதுக்குத் தெரிந்துவிட்டது. முறுக்கியது, உதைத்தது, தாயின் முன்கையில் பல் பதியக் கடித்தது. கடித்த இடத்தில் ரத்தம் கசிந்தது. கை நடுங்கினால் காது கிழிந்துபோகும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு குத்தினாள். அவளும் அழுதுகொண்டுதான் குத்தினாள். வேப்பங்குச்சியைச் செருகி எண்ணெயைத் தடவி முடித்தபோது, பிள்ளையின் கழுத்தெல்லாம் ரத்தமும் மஞ்சளுமாக வழிந்தது.

"அடப் பாதகத்தி! தாய்மாமன் மலைமாதிரி இருக்கையில இந்தக் காரியம் செய்யுதியே, அவன் என்ன செத்தா போயிட்டான்?" என்று அன்னத்தாய் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஆமா. செத்துட்டான்" என்றாள் இசக்கிச்செல்வி, தெருக்கோடி வரைக்கும் கேட்கும்படி. "எனக்குத் தம்பி கெடையாது. தலமுழுவியாச்சு. எம் பிள்ள காதுகுத்து முடிஞ்சுது. நாளைக்கு எவனும் கோயிலுக்கு வரவேண்டாம்."

முதலில் வந்தவன் நடராஜ்தான். ஒரு பார்வையில் அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஒரு வருஷமாகக் காத்திருந்த ஞாயிற்றுக்கிழமை அவன் கண்முன்னால் நடுத்தெருவில் போய்விட்டது. அந்த மொட்டைக் கையாலேயே அவள் முகத்தில் குத்தினான். எலும்பு முனை கன்னத்தில் இறங்கியது. அவள் சரிந்தபோது அன்னத்தாய் பிள்ளையைப் பறித்துக்கொண்டு ஓடினாள்.

பெருமாள்ராஜ் கோயிலிலிருந்து வந்து சேர்ந்ததும் அவளைக் கூந்தலைப் பிடித்துத் தெருவிலிருந்து அரங்கு வீடு வரைக்கும் இழுத்துக்கொண்டு போனான். கதவைச் சாத்தினான். மிதித்தான். இடுப்பு பெல்ட்டை உருவி, முதுகென்றும் தலையென்றும் பார்க்காமல் அடித்தான். ஊரைக் கூட்டி வைத்திருக்கையில் முகத்தில் கரியைப் பூசிவிட்டாளே என்று ஒவ்வொரு அடிக்கும் ஒரு கேள்வி. அவள் தக்காளிமேல் விழுந்து புரண்டாள். சேலையெல்லாம் கூழும் விதையுமாக அப்பியது.

"வைக்கோலுக்குள்ள இருக்கத நான் பாத்துட்டேன்" என்றாள்.

பெல்ட் அந்தரத்தில் நின்றது. பிறகு முன்னைவிட ஓங்கி இறங்கியது. "பாத்தா? பாத்தா என்னட்டி? எந்தம்பி கைக்கு எவன் பதில் சொல்லுவான்? ஒந்தம்பிதான ஒனக்குப் பெருசாப் போச்சு!"

"எந்தம்பியும் யோக்கியம் இல்ல. தேங்காய்க்கு அடியில அவனும் அரிவாள வச்சுக் கொண்டார இருந்தான். தட்டு தூக்குத அத்தன பேரும் ஆளு. மொதல்ல ஒங்களத்தான் வெட்டணும்னு சொன்னான்." அவள் வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பினாள். "வெட்டையில பிள்ளைய யாரு தூக்கணும்னு அவனுவ பேசி வச்சிருக்கானுவ. நீங்களும் பேசியிருப்பியளே. யாரு? சொல்லுங்க. யாரத் தூக்கச் சொல்லியிருந்திய?"

பெருமாள்ராஜ் யாரையும் சொல்லியிருக்கவில்லை. மடியில் பிள்ளை இருந்தால் கண்ணன் எழுந்திருக்க முடியாது என்பது வரைக்கும்தான் அவன் கணக்கு; வீச்சு பிள்ளைமேலும் விழும் என்பது அதில் வரவில்லை. பெல்ட்டைக் கீழே போட்டுவிட்டு, நசுங்கின தக்காளிக்குமேலேயே சப்பென்று உட்கார்ந்தான். மண்டையைப் பிளந்துவிட்டுச் சோறு தின்றவன் இப்படி உட்கார்ந்து அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள். பாவமாகவும் இருந்தது, காறித் துப்பலாம் போலவும் இருந்தது.

குத்தின காதை மறுபடியும் குத்த முடியாது. மாமனில்லாத பிள்ளைக்கு மாமன் சீரும் கிடையாது. மத்தியானத்துக்குள் ஃபிளக்ஸை நடராஜே கிழித்து எறிந்தான். பந்தல்காரன் கம்புகளைப் பிடுங்கி ட்ராக்டரில் ஏற்றினான். இவர்கள் வெட்டிக்கொள்ள இன்னொரு நாள் வராதா என்றால், வரும். வராது என்று நம்ப அவள் சின்னப்பிள்ளை இல்லை. ஆனால் அது நாளைக்கு வராது. அவள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு நடக்காது.

அன்னத்தாய் வீட்டிலிருந்து பிள்ளையைக் கூட்டிவந்தார்கள். இசக்கிச்செல்வி கையை நீட்டியதும், அது அன்னத்தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு வீறிட்டது. "அம்ம வேண்டாம், அம்ம குத்துவா" என்றது. முதுகில் விழுந்த பெல்ட்டடி எல்லாம் சேர்ந்தும் அவளுக்கு அவ்வளவு வலிக்கவில்லை. நீட்டிய கையை மடக்கிக்கொண்டு அப்படியே சுவரில் சாய்ந்தாள்.

அப்போது போன் அடித்தது. கண்ணன். செய்தி ஆற்றைத் தாண்டிப் போய்விட்டது.

"உசுரோட இருக்கையிலேயே எனக்குக் கருமாதி வச்சிட்டியேட்டி! நீ ஒரு பொம்பளையா? ஒன்னய எங்கம்மதான் பெத்தாளா? ஊரே காறித் துப்புது. கட்டிக்கிட்டவன் பக்கம் சாஞ்சிட்ட. இனி ஒன் வீட்டு வாசல்ல கால் வச்சா நான் எங்கப்பனுக்குப் பொறக்கல. நீ செத்தாலும் வரமாட்டேன் கேட்டுக்க..." அதற்குமேல் வந்ததெல்லாம் தம்பி அக்காவைச் சொல்லக்கூடாத வார்த்தைகள். பொறுக்கமுடியாத, அழுகிப்போன வார்த்தைகள். மூச்சு வாங்கி வாங்கி ஏசினான்.

வீங்கின பக்கத்துக் காதில் ஒன்றும் கேட்கவில்லை. அவள் போனை மறுபக்கம் மாற்றி, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். நடுவில் அவன் நிறுத்தினான், இருமினான். உயிரோடு இருக்கிறவனின் இருமல்.

"வச்சிராதலே" என்றாள் அவள். "இன்னும் ஏசு."